ஒரு வயதுத் தாத்தா

பஸ் டிரைவர் கைபேசியை நீட்டியபடியே பிராணிகள் ஆஸ்பத்திரிக்குள் வந்தார். பின்னாலேயே, கண்ணில் புரை விழுந்த கிழட்டு நாய் ஒன்று நிதானமாக நடந்து வந்தது. போன வருஷம் டிப்போவில் சுருண்டு கிடந்ததை வீட்டுக்குக் கூட்டிப்போய் ‘தாத்தா’ என்று பேர் வைத்தவர் அவர்தான்.

“டாக்டரம்மா, தாத்தாவுக்கு ஒரு வயசாம்! குட்டிங்க பயிற்சி வகுப்புல சேக்கச் சொல்லி உங்ககிட்டேருந்து வாழ்த்து வந்திருக்கு.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நாயின் வாயைத் திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஈறு வெளுத்திருந்தது.

“தண்ணி நிறையக் குடிக்குதா?”

“குடம் குடமா.”

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கோளாறு, நல்லவேளை, ஆரம்பக் கட்டம். வயதான பிராணிகளைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டிய கம்ப்யூட்டர், தாத்தாவை அழைக்கவே இல்லை. அதன் கணக்கில் அவர் பச்சைக் குழந்தை.

“பிறந்த தேதி போடாம சேவ் ஆகமாட்டேங்குது டாக்டர்,” என்றாள் வரவேற்பில் இருந்த பெண். “தெருவிலேருந்து வர்றதுக்கெல்லாம் வந்த தேதியையே போட்டுடுவேன்.”

அந்த மென்பொருளை எழுதியது டாக்டரின் தம்பி மனைவி. மத்தியானமே லேப்டாப்போடு ஓடி வந்தாள். பதிவுகளைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

“ஒரு கட்டம்கூட காலியா இருக்கக்கூடாதுன்னு பிடிவாதமா கட்டாயம் வச்சேன் அண்ணி. பாருங்க, பொய்யா ரொம்பியிருக்கு.”

“சரி, விடு. காலியா விட வழி உண்டா?”

“உண்டு. எங்க கம்ப்யூட்டர் பாஷையில நல்-னு சொல்லுவோம்.”

“நல்லதா?”

“நல்லது இல்ல அண்ணி, நல். பூஜ்யம்கூட கிடையாது. ‘தெரியாது’ன்னு அர்த்தம்.”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றது நல்லதுதானே!”

அவள் அந்தக் கட்டத்தின் கட்டாயத்தை எடுத்துவிட்டு, தாத்தாவின் பிறந்த தேதியை அழித்தாள். திரையில் வயது ஐம்பது சொச்சம் என்று வந்தது. எட்டிப்பார்த்த டிரைவர், “அட, எனக்கே அண்ணன் ஆயிட்டாரே!” என்றார். தேதி இல்லாத இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, நிரல் 1970-இல் தொடங்கும் தன் காலண்டரின் முதல் நாளிலிருந்து எண்ணியிருந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேதி இல்லையென்றால் ‘வயது தெரியாது’ என்று காட்டவும், வாழ்த்து அனுப்பாமல், பல்லைப் பார்த்து வயதை மதிப்பிடும்படி டாக்டருக்கு நினைவூட்டவும் மாற்றி எழுதினாள்.

வந்த நாளும் பிறந்த நாளும் ஒன்றாக இருந்த பதிவுகளிலெல்லாம் பிறந்த தேதியை ஒரே கட்டளையில் அழித்துவிடப் போனாள். டாக்டர் கையைப் பிடித்தார். “இரு, இரு. இங்கேயே பிறந்த குட்டிங்களும் அதுல இருக்கு. பிரசவம் பாத்தவ நான்.”

இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். குழப்பமானவற்றுக்கு வரவேற்புப் பெண் போன் போட்டுக் கேட்டாள். தாத்தாவைப் போலவே விடுபட்ட கிழங்கள் இன்னும் சில அகப்பட்டன. எல்லோரையும் அந்த வாரமே வரச் சொன்னார்கள்.

டிரைவர் மருந்தை வாங்கிக்கொண்டு, என்ன சாப்பாடு கொடுப்பது என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். “வா, போலாம்,” என்று கூப்பிட்டும் தாத்தா அசையவில்லை. தம்பி மனைவியின் பாதத்தில் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“எழுப்பாதீங்க,” என்றாள் அவள். “எனக்கொண்ணும் அவசரமில்ல.”