பதில் போகாத அறுபத்து மூன்று செய்திகள்

மலையாளம் பேசும் கழக்கூட்டம் என்ற ஊரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சேஷனின் ஆலோசனை நிறுவனம் இருந்தது. ஓட்டல்களும் கேன்டீன்களும் தண்ணீரை வீணாக்காமல், குப்பையைப் பெருக்காமல் தொழில் நடத்த வழி சொல்வது அவர்கள் வேலை. அப்படிச் சொன்னதையெல்லாம் தொலைந்துபோகாமல் சேர்த்துவைக்கும் பொறுப்பு அனுஷாவுடையது. அவளுக்கு நாலெட்ஜ் மேனேஜர் என்று பெயர். யாராவது விசாரித்தால் அவள் அம்மா கௌசல்யா, "கம்பெனியில ஃபைல் பாத்துக்கிடுதா" என்பாள். அதைத் திருத்த அனுஷாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உண்மையில் அவள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு வியாழக்கிழமை சேஷன் கூப்பிட்டார். ஐ.டி. பார்க்கில் மூன்று கேன்டீன் நடத்தும் ஒருவர், சாப்பாட்டுக் கழிவிலிருந்து அடுப்புக்கு கேஸ் எடுக்கும் பிளான்ட் போட யோசனை கேட்டிருந்தார். திங்கட்கிழமை சந்திப்பு.

"கோவளம் பக்கத்துல ஒரு ஓட்டலுக்குப் பண்ணிக் குடுத்தோமே, வெங்கிடேஷ் இங்க இருந்தப்போ. அதே டிசைன்தான் இவாளுக்கும். அந்த ரிப்போர்ட்டை எடுத்து வை. நேர்ல போய்ப் புதுசா நாலு போட்டோவும் எடுத்துண்டு வந்துடு" என்றார்.

ரிப்போர்ட் நாற்பத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் திறப்பு விழாப் படம். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. அந்த ஃபைல் மட்டுமல்ல, அவள் கட்டிக்காத்த எல்லா ஃபைல்களும் அப்படி ஒரு கைதட்டலோடுதான் முடிந்திருந்தன.

மறுநாள் காலை அவள் கோவளத்துக்குப் போனாள். ஓட்டல் மேனேஜர் பின்பக்கம் கையைக் காட்டிவிட்டு போனில் பேசப் போய்விட்டார். சமையலறையைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், பிளான்டின் தொட்டிமேல் பந்தல் துணிகள் மடித்துப் போடப்பட்டிருந்தன. பக்கத்தில் கால் உடைந்த நாற்காலிகள். அடுப்புக்குப் போகும் குழாய் கழன்று தொங்கியது. அனுஷா போனை எடுத்தாள், எதைப் படம் பிடிப்பது என்று தெரியாமல் மறுபடி பைக்குள் போட்டாள்.

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி ஒருவர் சமையலறையிலிருந்து வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும்.

"நீங்க வெங்கிடேஷ் சார் ஆபீஸா மேடம்?"

"ஆமா. அவர் பெங்களூர் போயிட்டார். நான் அனுஷா. இது எப்ப நின்னுது?"

"ஒம்பது மாசம் ஆவுது" என்றார் அவர். பெயர் மைதீன். கடையநல்லூர்க்காரர். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பகுதியும் கழிவும் அவர் பொறுப்பு.

"மிஷின் கெட்டுப்போச்சா?"

"மிஷின் என்ன செய்யும் மேடம்? என்னைய ஆறு மாசம் வர்க்கலை பிராஞ்சுக்குப் போட்டாங்க. இங்க வந்த பையன்மார்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு கல்யாண சத்யை, பெரிய விருந்து முடிஞ்சு, அத்தனை சோறையும் ஒரே நாள்ல உள்ள தள்ளிட்டாங்க. கூடவே வாழையிலை, பிழிஞ்ச எலுமிச்சைத் தோலு எல்லாம். உள்ள புளிச்சுப்போச்சு. புளிச்சா கேஸ் வராது, கேட்டோ. நான் திரும்பி வர்றதுக்குள்ள குழாயையும் கழட்டிட்டாங்க."

அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். விசேஷ நாளில் மிஞ்சுவதை மூடிபோட்ட டிரம்மில் வைத்து, நாலைந்து நாளுக்குப் பிரித்துப் போடவேண்டும். கழிவைக் கரைக்க நல்ல தண்ணீர் எதற்கு, கஞ்சித்தண்ணீர் போதும், கேஸும் கூடுதலாக வரும். புளித்த வாடை வந்தால் நாலு நாள் பட்டினி போட்டுவிட்டுச் சாணி கரைத்து ஊற்றவேண்டும். முட்டை ஓடு அடியில் தங்கிவிடும், போடவே கூடாது. இதில் எதுவும் அந்த நாற்பத்திரண்டு பக்கத்தில் இல்லை.

"இதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணே?"

மைதீன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க ஆபீசுக்குத்தான் சொன்னேன். வெங்கிடேஷ் சார் ஒரு நம்பர் தந்து, என்ன தோணினாலும் இதுல போடுங்கன்னாரு. ஒண்ணரை வருசம் போட்டேன்."

போனைத் திறந்து காட்டினார். படங்களும் குரல் பதிவுகளுமாக வரிசை நீண்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு சாம்பல் நிறக் குறி. ஒன்றுகூட நீலமாகவில்லை. எண்ணைப் பார்த்ததுமே அனுஷாவுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் அவள் கடந்துபோகும் வரவேற்பு மேசையில், சார்ஜரில் செருகியபடி கிடக்கும் போனின் எண் அது.

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "அந்த போன் எங்க ஆபீஸ்லதான் இருக்கு அண்ணே. யாரும் திறந்து பாக்கலை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ மூச்சை மெல்ல விட்டார். "அப்ப போய்ச் சேந்திருக்கு. நம்பரே தப்போன்னுல்லா நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

ஆபீசுக்குத் திரும்பியதும் வரவேற்பு மேசையில் இருக்கும் கிரிஷிடம் அந்த போனைக் கேட்டாள். "இதுல ஓ.டி.பி.யும் கூரியரும் மட்டும்தானே வரும் சேச்சி" என்று அவன் எடுத்துக் கொடுத்தான். வெங்கிடேஷ் வேலையை விட்டபோது திருப்பிக் கொடுத்த போன், அப்படியே மேசைக்கு வந்துவிட்டது. யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாத மாதிரி நடந்த காரியம்.

அனுஷா சின்ன மீட்டிங் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அறுபத்து மூன்று செய்திகள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். மைதீனின் குரலுக்குப் பின்னால் பாத்திரங்கள் உருண்டன, யாரோ மலையாளத்தில் திட்டினார்கள், ஒருமுறை மழை கொட்டியது. "சார், இன்னைக்கு ரெண்டு மணிக்கூர் எரிஞ்சுது." "சார், வாடை மாறுது, என்ன செய்யணும்?" "சார், பதில் வரலை, நானா சாணி ஊத்திப் பாத்தேன், சரியாயிட்டு." கடைசிச் செய்தி எழுத்தில் இருந்தது: "சார் நம்பர் மாறிட்டா? நல்லா இருங்க."

அதைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. அறிவைப் பாதுகாக்கிறேன் என்று சம்பளம் வாங்குகிறவள் அவள். அறிவு என்னவோ அவள் வாசலில் வந்து இரண்டு வருடத்துக்கும் மேலாகக் காத்துக் கிடந்திருக்கிறது.

சனிக்கிழமை ஸ்ரீவராகம் பகுதியில் இருந்த சேஷனின் வீட்டுக்கே போனாள். போனை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னாள். திட்டு விழும் என்று தயாராகத்தான் போயிருந்தாள். சேஷன் ஏழெட்டுப் பதிவுகளைக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மறைச்சுட்டு திங்கட்கிழமை அந்தப் பழைய ரிப்போர்ட்டையே காட்டலாம். இல்லையா?"

"காட்டலாம் சார். அவங்களுக்கும் ஒன்பது மாசத்துல நின்னுபோகும்."

"ம்" என்றார். "ஊரெல்லாம் ஒண்ணையும் வீணாக்காதேன்னு சொல்லிண்டு திரியறோம். நம்மகிட்ட வந்ததை நாமே வீணடிச்சிருக்கோம். திங்கட்கிழமை அவரும் நம்மோட வரட்டும். நானே நேர்ல போய்க் கூப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை சேஷன் அவளோடு கோவளத்துக்கு வந்தார். சமையலறைப் பின்வாசலில் நின்றபடியே மைதீனிடம் மன்னிப்புக் கேட்டார். மைதீனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அதெல்லாம் எதுக்கு சாரே" என்று துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். மேனேஜரிடம் சேஷனே பேசி மறுநாளைக்கு லீவு வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கேன்டீன்காரருக்கு முன்னால் அவர்கள் பொய்யில்லாமல் பேசினார்கள். முதலில், ஞாயிற்றுக்கிழமை அனுஷா எடுத்துவந்த, பந்தல் துணி மூடிய தொட்டியின் படம். அடுத்தது, அது ஏன் நின்றது என்ற விவரம். பிறகு மைதீன் எழுந்து, கொஞ்சம் தமிழும் கொஞ்சம் மலையாளமுமாக, எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சொன்னார். கேன்டீன்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதுவரைக்கும் நாலு கம்பெனிக்காரங்க வந்தாங்க. எது நின்னுபோச்சுன்னு யாரும் சொன்னதில்லை" என்றார் முடிவில். "பிளான்ட் போடுங்க. என் ஆளுங்களுக்கு இவர்தான் சொல்லிக் குடுக்கணும்."

கோவளத்துப் பிளான்டையும் மைதீன் விடவில்லை. புளித்ததை வெளியே எடுத்து, சாணி கரைத்து ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். ஐந்தாவது வாரம் அடுப்பில் நீலச் சுடர் பிடித்தது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று எழுதிய பெரிய பலகையை ஓட்டல் மேனேஜர் சுவரில் மாட்டிக் கொடுத்தார். சேஷனின் ஆபீசில் புது விதி வந்தது: வேலை முடிந்து ஒரு வருடம் ஆகும்வரை எந்த ஃபைலையும் மூடக்கூடாது, மாதம் ஒருமுறை அங்கே நேரடியாக வேலை செய்கிறவரிடம் பேசி எழுதவேண்டும், எழுதியதில் அவர் பெயரும் வரவேண்டும். மைதீன் பெயர் போட்ட முதல் ரிப்போர்ட் பதினோரு பக்கம். அதன் ஒரு பிரதியை அவர் கடையநல்லூரில் இருக்கும் தன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ரிப்போர்ட் வெளிவந்த அன்று அனுஷா பெங்களூருக்கு போன் செய்தாள். வெங்கிடேஷோடு அவள் அதுவரை பேசியதே இல்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"மைதீனா? உயரமா, எப்பவும் துண்டு போட்டுண்டு..." அவன் யோசித்தான். "நம்பர் குடுத்தேனா? இருக்கும். எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிட்டு வர்றதுதான். அவர் ஒருத்தர்தான் செஞ்சிருக்கார் போல."

"அந்த ஒரு வார்த்தையை நீங்க சொல்லாம போயிருந்தா, எங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்காது. அதுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லக் கூப்பிட்டேன்."

"அவர் நம்பரைக் குடுங்கோ" என்றான் வெங்கிடேஷ். "நானும் ஒரு வார்த்தை பேசிடறேன்."

அனுஷா எண்ணைச் சொன்னாள். அவன் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டான்.