சொந்தத்துக்குள் எடுத்த விதை

ஆர்மண்ட் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நாற்றுகளை மறுபடி பார்த்தார். கடைசி ஆறு விதையில் முளைத்தவை நான்கு. இருபத்தைந்து நாளாகியும் விரல் உயரம் தாண்டவில்லை. ஒன்றின் இலைகள் ஒட்டிப்பிறந்து சுருண்டிருந்தன. இன்னொன்று பாதி வெளுத்துப்போயிருந்தது. அடுத்ததற்கு நடுக்குருத்தே இல்லை. நாலாவது மட்டும் தேறிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் நாற்பது வருடம் உருளைக்கிழங்குப் பண்ணையில் கழித்த மனிதர். கிழங்கை வெட்டி நட்டால் தாயை உரித்துவைத்தாற்போல் பிள்ளை வரும். கலப்பு என்றாலே அவருக்கு ஆகாது. மனைவி கிளோடெட்டின் வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. இந்தக் கஞ்சாச் செடியின் எண்ணெய்க்குத்தான் மூன்று வருடமாக அடங்கியிருந்தது. நாள் கணக்குக்குத் தானாகப் பூத்து மடியும் ரகம். கிளையை வெட்டி நட்டாலும் அதற்கும் தாயின் வயதுதான், தாயோடு சேர்ந்து மடிந்துவிடும். அதனால் விதையைத்தான் நம்பவேண்டும். வெளிச்செடியைச் சேர்த்தால் குணம் மாறிவிடுமோ என்ற பயத்தில், கூடப்பிறந்த செடிகளையே ஒன்றோடொன்று சேர்த்து விதை எடுத்துவந்தார்.

பக்கத்து வீட்டு வெர்னன் போன வருடமே சொன்னான்.

"யோவ், வெளிச்செடி ஒண்ணைச் சேருய்யா. அண்ணன் தங்கச்சிக்கே கட்டிவச்சுக்கிட்டிருந்தா எங்க போயி முடியும்?"

"நீ போயி டிராக்டரைக் கழுவு."

அந்தத் திமிர் இப்போது நெஞ்சைக் குத்தியது. எண்ணெய் தீரப்போகிறது என்று ஒரு வாரமாக மருந்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளிடம் சொல்லவில்லை.

கிளோடெட் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள். "என்ன கிழவா, அடைகாக்குற கோழி மாதிரி குந்தியிருக்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ, வரேன்."

அவள் போகவில்லை. நாலாவது தொட்டியின் மேல் குனிந்தாள். அந்தத் துளிச்செடியின் உச்சியில் அதற்குள் வெள்ளை இழைகள் விட்டிருந்தன.

"அடியாத்தி, இத்துனூண்டுக்குப் பூவா! ஆமா, கணுவுக்கு ரெண்டு இலைதானே இருக்கும்னு சொல்வ? இதுல கூட இருக்கே, பாரு." விரலை வைத்து எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஆர்மண்ட் நம்பியிருந்த செடியும் கோணல்; இந்தப் பூ ஒரு சொட்டு எண்ணெய்க்குக்கூடக் காணாது. அவரும் குனிந்தார்.

"மூணு," என்றாள் மறுபடி.

"தெரியுது கிளோடெட்."

"மூணு. மூணு."

விரல் இலைமேலேயே நின்றது. கண்கள் செடியைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தன. மறுகை ஏப்ரனைக் கசக்கியது, விட்டது, மறுபடி கசக்கியது.