முழங்காலளவு எல்லை

என் வீட்டுக்காரர் கிட்டுசாமி இந்தப் பதினான்கு வருடத்தில் அமெரிக்காவில் ஒரு ஸ்டாப் போர்டைக்கூட மதிக்காமல் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், காக்கா குருவி இல்லாத தெருவில், வண்டியை நிறுத்தி மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் நகர்வார். கேட்டால், "க்ரீன் கார்டு வரட்டும் புஷ்பா, அதுவரைக்கும் ஒரு கரும்புள்ளி ஆகாது" என்பார். வந்த பிறகு என்ன, போர்டு போர்டாக இடித்துத் தள்ளப்போகிறாரா?

இரண்டு வருடம் முன்னால் கரூரில் என் அப்பா இறந்தபோதும் இதே பேச்சுதான். விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, வெளியே போய்வர வேண்டிய அனுமதிக் கடிதம் காலாவதியாகிவிட்டது, புதியது வரவில்லை. "அது இல்லாம ஒரு அடி வெளிய வெச்சா எல்லாமே போயிரும் புஷ்பா. பாப்பா படிப்பை நெனச்சுப் பாரு" என்றார். நான் வைக்கவில்லை. டல்லாஸ் பக்கத்தில் காப்பெலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐபேடைச் சாய்த்து வைத்து, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை வீடியோ நின்றுபோனது. அந்தக் கடிதம் ஏழு மாதம் கழித்துச் சாவகாசமாக வந்து, மறுபடி காலாவதியாகி, இப்போது மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம்.

இந்த வருடம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காப்பெலில் தமிழ்ப் பெண்கள் ஏரிக்கரைப் பூங்காவில் கூடி, ஐந்து வகைச் சோறு வைத்து, ரீல்ஸ் எடுத்துவிட்டு வருவார்கள். எனக்கு ஏரி ஒத்துவராது. காவிரி பார்த்து வளர்ந்தவளுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். "இந்த ஒரு தடவை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் நான்கு நாள் லாப்டாப்பில் தேடி சான் எலோய் என்று ஒரு ஊரைப் பிடித்தார். பத்து மணி நேர ட்ரைவ். ஏன் அந்த ஊர்? ஆகஸ்ட் மாதம் பாலைவனத்தில் வீட்டு வாடகை பாதிதானாம்!

சான் எலோயில் மொத்தம் ஒன்பது பேர். பூட்டிய பள்ளிக்கூடம், பூட்டாத சர்ச், பெட்ரோல் இல்லாத பெட்ரோல் பங்க். நூற்றெட்டு டிகிரி வெயில். சுற்றிலும் முள்மரம். இறங்கிப் பார்த்தால் எங்கள் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி! வேரோடு பிடுங்கு பிடுங்கு என்று ஊரில் நாம் கத்துகிற மரத்துக்கு இந்தப் பக்கம்தான் பூர்வீகமாம். எந்த விசாவும் இல்லாமல் கரூர் வரைக்கும் போய்க் குடும்பம் நடத்துகிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த மார்த்தாவுக்கு எழுபது வயதிருக்கும். ஆற்றங்கரைக்கு அவள்தான் வழி காட்டினாள். ஆறு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முப்பது அடி அகலம், டீ நிறம், முழங்காலளவு தண்ணீர். அந்தக் கரை மெக்சிகோ. அங்கே நாணலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு தெரிந்தது. அது மார்த்தாவின் தங்கை செலாவின் வீடு. முன்னே ஒரு மரப்பாலம் இருந்ததாம், அரசாங்கம் எடுத்துவிட்டதாம். இப்போது தங்கையைச் சட்டப்படி பார்க்க வேண்டுமென்றால் காரில் மூன்று மணி நேரம் சுற்ற வேண்டும். "சட்டப்படி" என்று சொல்லும்போது மார்த்தா கண்ணடித்தாள். என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

பாட்லக் விருந்துக்கு வாங்கி மிச்சமிருந்த அலுமினிய ட்ரேயில்தான் பூஜை. மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, வாழைப்பழம், வெல்லம் கலந்த அரிசி. அன்றைக்குத் தாலிக் கயிறு மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். கழுத்து வெறுமனே இருக்கக் கூடாது என்று விரலி மஞ்சள் கோத்த புதுக்கயிற்றை முதலில் கட்டிக்கொண்டு, பழைய கயிற்றைத் தாலியோடு கழற்றிப் பிள்ளையார் முன்னால் வைத்தேன். கும்பிட்டு முடித்துத் தாலியை எடுத்துப் புதுக்கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

"புஷ்பா, சீக்கிரம், லைட் போகுது. ட்ரேயைத் தண்ணில வை, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். உங்கம்மா வாட்ஸாப்புல கேப்பாங்கல்ல."

"இருங்க, தாலி அதுல இருக்குதுங்க."

"அட ஒரு செகண்டு!" என்று குனிந்து, ஃப்ரேமுக்குள் வரட்டும் என்று அவரே ட்ரேயைத் தண்ணீரில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

ஃபோட்டோ நன்றாகத்தான் வந்தது. ட்ரே நிற்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, நிதானமாக ஆற்றைக் கடந்து, அந்தக் கரை நாணலில் போய்ச் சொருகிக்கொண்டது. என் தாலி மெக்சிகோவுக்குப் போய்விட்டது.

"எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. முதலில் வக்கீலுக்கு ஃபோன் போட்டார். சிக்னல் இல்லை. பிறகு எங்கள் மகள் வான்மதியைப் பார்த்தார். அவளுக்குப் பத்து வயது, டல்லாஸில் பிறந்தவள். "பாப்பா, நீதான யூ.எஸ். சிட்டிசன்? நீ போயி எடுத்துட்டு வர்றியா கண்ணு?"

"அப்பா, தட்ஸ் லிட்டரலி எ க்ரைம்" என்றாள் வான்மதி.

"ஏனுங்க, வெக்கமா இல்லீங்களா? புள்ளய அனுப்பறீங்க?" என்று நான் கத்தினதில் நாணலிலிருந்து இரண்டு கொக்கு பறந்தது.

அதற்குள் அவருக்குப் படித்தது ஏதோ ஞாபகம் வந்தது. எல்லை என்பது ஆற்றின் நடுக்கோடு இல்லையாம், எங்கே ஆழம் அதிகமோ அதுதானாம். அந்த ஆழம் வரைக்கும் போனால் தப்பில்லை, அங்கிருந்து குச்சியால் எட்டி இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஒரு முள்மரக் கம்பை உடைத்துக்கொண்டு இறங்கினார். முதல் அடியிலேயே சறுக்கி இடுப்பு வரைக்கும் முங்கினார். "ஃபோன், ஃபோன்!" என்று பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேடேறி, அதற்குப் பிறகுதான் அளக்க ஆரம்பித்தார்.

"இங்க ஒண்ணரை அடி. இங்க ஒண்ணேகால். இன்னும் ஆழமே வரல புஷ்பா. அப்ப இன்னும் அமெரிக்காதான்."

இப்படி அளந்து அளந்து பத்து நிமிடம். அந்தக் கரையில் ஒரு ஆடு வந்து வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. அவருக்கும் ட்ரேக்கும் நடுவில் நான்கு அடிதான் பாக்கி.

பக்கத்தில் நின்ற மார்த்தா அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முடியவில்லை போலிருக்கிறது. "மிஸ்டர் கிட்டு, ஆழம் இதோ, எங்கள் காலடியில்தான் இருக்கிறது. போன வருட வெள்ளம் இந்தக் கரையைத்தான் அறுத்தது. நீங்கள் முதலில் முங்கினீர்களே, அதுதான் எல்லை. பத்து நிமிடமாக நீங்கள் மெக்சிகோவில் நிற்கிறீர்கள்" என்றாள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போயாகிவிட்டது. நடந்தது நடந்துவிட்டது. இன்னும் நான்கு அடி போய் எடுத்துக்கொண்டு வந்தாலும் அதே தப்புதான். எந்தப் பைத்தியக்காரனும் எடுத்துக்கொண்டுதான் வருவான் இல்லையா? என் வீட்டுக்காரர் கம்பைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தார். தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு அமெரிக்காவில் ஏறினார்.

சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். "புஷ்பா! புஷ்பா, வேண்டாம்!" என்று பின்னால் குரல் கேட்டது. கேட்கட்டும். முதல் பள்ளத்தில் இடுப்பு நனைந்தது, பிறகு முழங்கால்தான். இருபது அடி எடுத்துவைத்தேன். அப்பாவைப் பார்க்கப் போகாமல் நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த அடிகள்.

ஆடு பழத்தை முடித்துவிட்டு என் பழைய மஞ்சள் கயிற்றை மென்றுகொண்டிருந்தது. தாடைக்கு வெளியே தாலி தொங்கியது. ஓட்டு வீட்டிலிருந்து செலா ஓடிவந்து ஆட்டின் கொம்பைப் பிடித்து வாயைப் பிளந்தாள். தாலியை ஆற்றில் அலசினாள். என் கழுத்திலிருந்த புதுக்கயிற்றைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, தாலியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, கன்னத்தைத் தொட்டாள். "ரொம்ப நன்றிங்கம்மா" என்று தமிழில் சொன்னேன். அவள் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அங்கேயே நின்று அழுதேன், இரண்டு வருடமாக வராத அழுகை. பிறகு திரும்பி நடந்து வந்தேன். சைரன் அடிக்கவில்லை, யாரும் வரவில்லை.

மறுநாள் வடக்கே எழுபது மைலில் எல்லைக் காவலர்களின் செக்போஸ்ட். இவர் பாஸ்போர்ட், விண்ணப்ப நகல் எல்லாம் அடங்கிய பிளாஸ்டிக் ஃபோல்டரை இரண்டு கையாலும் நீட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. காவலருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "சான் எலோயில் வெயில் ரொம்பவா?" என்று கேட்டார்.

"வெரி ஹாட், சார்."

"போயிட்டு வாங்க" என்று ஃபோல்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் விசாரணை.

பின்சீட்டில் வான்மதி தூங்கிவிட்டாள். பத்து மைல் தாண்டி நான்தான் வாயைத் திறந்தேன்.

"நாலு அடிதாங்க பாக்கி. ஏனுங்க திரும்பி ஓடியாந்தீங்க?"

வழக்கமான பதில் வரும் என்று காத்திருந்தேன். சட்டம், ஃபைல், பாப்பா படிப்பு.

"பயந்துட்டேன் புஷ்பா" என்றார். கொஞ்ச தூரம் போய், "அன்னைக்கும் அதேதான். மாமா சாவுக்குப் போயிருக்கணும்" என்றார்.

"ஆமாங்க. போயிருக்கணும்."

சமாதானமாக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. நேற்றிலிருந்து கோக்காமலே வைத்திருந்த தாலியைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். "வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

"இங்கயா? ஷோல்டர்ல நிறுத்துனா டிக்கெட்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வண்டியை ஓரம் கட்டி ஹசார்ட் லைட்டைப் போட்டார். நான் புதுக்கயிற்றை அவிழ்த்து மஞ்சள் பக்கத்தில் தாலியைக் கோத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் மூன்று முடிச்சையும் போட்டார். பின்னால் ஒரு பெரிய ட்ரக் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது, கார் ஆடியது. அவர் சீக்கிரம் என்று சொல்லவில்லை.