பன்னுவுக்கு ஒரு விரிப்பு

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஜோசலினின் சாப்பாட்டுப் பை, காலையில் உள்ளே போனதைவிட இரண்டு மடங்கு உப்பியிருந்தது. சிறுசேரியில் அவள் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிற கம்பெனியின் கேட்டில் பை சோதிக்கிறவன் அசரியா. அவன் கண்ணுக்குத் தப்புமா?

“இன்னாக்கா, கொண்டாந்த சோத்தத் துன்னவே இல்லியா? பை இப்டி பொடச்சிக்கினு கீது?”

“பேப்பர்டா. குப்பை.”

அவன் உள்ளே விரலை விட்டான். நூல் நூலாகக் கிழிந்த வெள்ளைக் காகிதம் விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. அசரியாவின் முகம் மாறியது.

“போச்சு. உன்ன நிறுத்தி வெக்கச் சொல்லி சார் போன் போட்டாரு. நான் நம்பல. கேமராவுல பாத்துட்டாராம். வாக்கா உள்ள.”

எல்லாம் அந்த இரண்டு கினி பிக்கால் வந்தது. வாலில்லாத கொழுத்த எலி மாதிரி, வீட்டில் செல்லமாக வளர்க்கிற பிராணி. ஜோசலினின் மகள் ஜென்சி எட்டாவது படிக்கிறாள். அவளோடு டியூஷன் படித்த சின்மயியின் குடும்பம் செம்பாக்கம் ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குப் போனபோது, கூண்டோடு இரண்டையும் ஜென்சி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. ஒன்று பன்னு, இன்னொன்று பிஸ்கட். கூடவே கொடுத்த, கூண்டுக்குள் பரப்புகிற விரிப்புப் பை இரண்டே வாரத்தில் தீர்ந்தது. அதற்கப்புறம் பிடித்தது சனி.

சாக்கைப் போட்டால் நகம் மாட்டிக்கொண்டு கத்தின. மரக்கடையில் கேட்டு வாங்கி, சலித்து, பவுடர் மாதிரி மரத்தூள் போட்டாள் ஜோசலின். இரண்டும் மூக்கு ஒழுகி மாற்றி மாற்றித் தும்மின. பால்காரர் கொட்டகை வைக்கோல் ஐப்பசி மழை ஈரத்தில் மூன்றாம் நாளே பூஞ்சை பூத்தது. செய்தித்தாள் விரித்தால் விடியும்போது கூழ். இரண்டுக்கும் வயிறெல்லாம் மை. பக்கத்து வீட்டு ஞானாம்பாள் வாசலில் நின்று சிரித்தாள்: “பெருச்சாளிக்குப் பஞ்சு மெத்தை தெச்சுப் போடேன்டி, அது ஒண்ணுதான் பாக்கி.”

முந்தாநாள் பன்னு நடப்பதை நிறுத்திவிட்டது. செம்பாக்கத்து டாக்டரம்மா அதை மல்லாத்திப் பாதத்தைக் காட்டினார். தோல் உரிந்த மாதிரி செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தது.

“ஈரத்துலயே நின்னிருக்கு. இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டீங்கன்னா எலும்புக்குப் போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மருந்து பாதிதான், கீழ போடுறதுதான் மீதி. மெத்துன்னு இருக்கணும், ஈரத்தை இழுக்கணும், தூசி இருக்கக் கூடாது.”

ஜோசலின் தன்னை அறியாமல் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஆறு வருஷமாகப் பினாயில் தண்ணீரில் நிற்கிற கால் அவளுடையது. மழைக்காலம் வந்தால் விரலிடுக்கு வெள்ளை வெள்ளையாக உரிந்து காந்தும். ஈரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் ஆபீசில் காகிதம் கிழிக்கிற மெஷினின் தொட்டியைக் காலி செய்யும்போது கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. காய்ந்து, தூசியில்லாமல் இருந்தது. தினம் இரண்டு மூட்டை அவளே கட்டி வெளியே வைக்கிறாள். கேட்டால் முடியாது என்பார்கள். கேட்காவிட்டால் அது குப்பை. இன்று கேட்காமல் எடுத்தாள்; ஜென்சியிடம் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இப்போது ஃபெசிலிட்டி மேனேஜர் ஷ்யாம்சுந்தர் அந்தப் பையைத் தன் மேஜைமேல் வைத்திருந்தார்.

“ஜோசலின், இது கான்ஃபிடென்ஷியல் டாக்குமெண்ட். தெரியும்ல?”

“குப்பை சார்.”

“குப்பை இல்ல. மூட்டைய எடுத்துட்டுப் போற வெண்டர், இதை அழிச்சாச்சுன்னு சர்டிஃபிகேட் குடுக்கணும். அதுவரைக்கும் ஒரு துண்டுகூட வெளிய போகக் கூடாது.”

“நூலாட்டம் கீது சார். எவன் குந்திக்கினு ஒட்ட வெச்சுப் படிப்பான்? ஒட்டியே குடுத்தாலும் நான் எட்டாவது ஃபெயிலு.”

கதவோரம் நின்ற அசரியா இருமுகிற மாதிரி சிரிப்பை விழுங்கினான்.

“எதுக்கு எடுத்தீங்க?”

சொன்னாள். ஷ்யாம்சுந்தரின் முகம் மலர்ந்துவிட்டது.

“கினி பிக்கா! எங்க வீட்ல ஹாம்ஸ்டர் இருக்கு. கூண்டுல விரிக்கிறதுக்குப் பேப்பர் பெடிங்னே ஆன்லைன்ல விக்கிறாங்களே. லாவெண்டர் வாசனை போட்டது மட்டும் வாங்காதீங்க, ஒத்துக்காது. லிங்க் அனுப்பட்டுமா?”

அந்தப் பை விலைக்கு அவள் வீட்டில் ஒரு வாரம் உலை கொதிக்கும்.

“லிங்க்கு வேணாம் சார். இதக் குடுங்க. அதுக்குக் காலெல்லாம் புண்ணு.”

“அது மட்டும் முடியாதும்மா.” நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

புது வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார். கம்பெனிப் பொருளைத் திருடினேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுத வேண்டுமாம்.

“திருடுனேன்னு எழுத மாட்டேன். குப்பைய எடுத்தேன்னு எழுதுறேன்.”

“சரி, எடுத்தேன்னே எழுதுங்க.”

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பையை மூட்டையில் அவளையே கொட்டச் சொன்னார்கள். டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டியிருந்த இரண்டு இழையைக்கூட அசரியா கிள்ளி எடுத்தான். “கோச்சுக்காதக்கா, கேமரா பாக்குது.”

ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் போய்விட்டிருந்தது. சோழிங்கநல்லூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ். மழையோடு நின்றுகொண்டே வந்தாள். முதலில் ஷ்யாம்சுந்தர்மேல் கோபம், மேடவாக்கம் வருவதற்குள் சின்மயிமேல், அப்புறம் ஜென்சிமேல். கடைசியில் பன்னுமேல்.

இரும்புலியூர் வீட்டில் ஜென்சி கூண்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பன்னு அவள் மடியில்.

“பேப்பர் எங்கம்மா?”

“பேப்பரு! வேலை போயிருக்கும் இன்னிக்கு. நாளைக்கே ரெண்டையும் யார்கிட்டயாவது தூக்கிக் குட்த்துடு.”

“கால் இப்படி இருந்தா யாரும்மா வாங்குவா?”

ஜோசலின் காலிப் பையை ஆணியில் மாட்டினாள். ஜென்சி மெதுவாகக் கேட்டாள்: “துணி போட்டா?”

“துணியா? நிமிசத்துக்கு ஒருவாட்டி ஒண்ணுக்குப் போற ஜென்மம் அது. யார்ரி தொவைக்கிறது? நாள் முச்சூடும் ஊரான் கக்கூசக் கழுவிட்டு வந்து, வூட்ல இதுக்கு வேற…”

பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டிலில் கிடந்த தடித்த துண்டை இழுத்தாள். நகம் மாட்டாமலிருக்க, பிளேடால் ஓரத்து நூலையெல்லாம் அறுத்தாள். நாலாக மடித்துக் கூண்டில் விரித்தாள். பன்னு முதலில் ஒரு காலைத் தூக்கியே வைத்திருந்தது. பிறகு நாலு காலையும் ஊன்றி நின்றது. நின்ற இடத்திலேயே வட்டமாக ஈரம் பரவியது.

“போய்ட்டியா? நல்லா இரு தாயி.”

துண்டை உருவிக்கொண்டு, தன் போர்வையைக் கிழித்து அடுத்ததை மடித்துப் போட்டாள். உருவியதை உடனே அலசினாள்.

“காலைல நாலரைக்கு எந்திரிச்சு நான் தொவைப்பேன். ஸ்கூல் வுட்டு வந்து நீ. ஒரு வேளை தப்புச்சு, ரெண்டையும் ஏரிக்கரைல வுட்டுட்டு வந்துருவேன்.”

வெளியே மழை விடவில்லை. வீட்டில் இருப்பது ஒரு ஃபேன், அதன் கீழே ஒரு கொடி. அதில் நாளைக்கு ஜோசலின் வேலைக்குப் போட வேண்டிய யூனிஃபார்ம் காலையிலிருந்து பாதி ஈரத்தில் தொங்கியது. அவள் அதை உருவி ஜன்னல் கம்பியில் வீசிவிட்டு, அலசிய துண்டைக் கொடியில் விரித்துப் போட்டாள்.

“அம்மா, உன் யூனிஃபார்ம் காயாதே?”

“காயாது. போய்ச் சோத்தப் போடு.”