கமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள்

பாலேந்திராவின் தலையில் அந்த டெனிஷ்காரி யன்னல் சீலையைச் சுற்றத் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது. சிவப்புச் சீலை, கரையில் பொன்னிறக் குஞ்சம். ஓல்போர்க்கில் தலைமயிர் வெட்டும் கடை வைத்திருக்கிற பெண்ணுக்குத் தலைப்பாகை கட்ட எங்கே தெரியப்போகிறது? சுற்றுவாள், சரியும்; சிரிப்பாள், மறுபடி சுற்றுவாள். விளையாட்டு மண்டபத்தின் உடைமாற்றும் அறையில், ஈரத் துவாயும் பழைய சப்பாத்தும் மணக்கிற காற்றில், ஒரு வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் பாலேந்திரா. தன் பரம்பரையில் தலைப்பாகை கட்டியவன் ஒருவனும் இல்லை என்று அவளுக்குச் சொல்லலாம். சொல்லி என்ன, எருமை மாட்டில் மழை பெய்த மாதிரித்தான். இந்த நாட்டில் யாருக்கு எதைச் சொல்லி விளங்கப்படுத்த முடிந்திருக்கிறது?

கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதும் கிளாக்கராக இருந்தவர் அவர். அவருடைய கடிதத்தை வாசித்துவிட்டு லண்டன் துரைமாரே 'இதை எழுதிய ஆங்கிலேயன் யார்' என்று கேட்டார்களாம். கேட்ட துரையின் பெயரை நாங்கள் கேட்கக்கூடாது. கலவரத்தில் வீடு எரிந்து, ஊர் ஊராக அலைந்து, எண்பத்தாறில் டென்மார்க்கில் வந்து இறங்கினார். மனைவி ஞானேஸ்வரியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜின் ஒற்றை அறையில் கிடந்தார்கள். இங்கே அவருடைய அகதி வழக்குக்கு முடிவு வந்தால்தான் அவர்களை எடுக்கலாம். முடிவு வருகிறபாடாக இல்லை.

அதுவரைக்கும் முகாம். முகாமில் இருந்த தமிழரில் பாதிப்பேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரத்திலும் இருந்து வந்த, மீன்பிடிக் குடும்பத்துக் கத்தோலிக்கர்கள். அவர்களோடு ஒரே குசினியில் நிற்கவேண்டி வந்ததுதான் பாலேந்திராவுக்கு எரிந்த வீட்டை விடப் பெரிய துக்கம். வந்த கிழமையே சந்தையில் தனக்கென்று ஒரு சோற்றுக் கோப்பையும் ஒரு தம்ளரும் வாங்கிக்கொண்டார். சூசைதாசன் என்கிற மன்னார்க்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் மீன்குழம்பு வைப்பான். பாலேந்திரா தன் கோப்பையை நீட்டி வாங்கி, தன் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவார். யாராவது கேட்டால், "எனக்கு வயிறு சரியில்லை, தனியக் கழுவின கோப்பைதான் ஒத்துவரும்" என்பார். ஒத்துவராத வயிறு அந்தக் குழம்பை மட்டும் ஒரு சொட்டு மிச்சம் விடாது. காரணம் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

இப்படி இருக்கையில்தான் மொரிகவா வந்தான். டோக்கியோவில் ஒரு மல்யுத்தக் கம்பெனியின் ஆள். கம்பெனிக்கு அமெரிக்காவைப் பிடிக்கும் ஆசை. அங்கே ஒரு தொலைக்காட்சியில் வாராவாரம் தங்கள் சண்டையைக் காட்டவேண்டும். டோக்கியோவில் எடுத்த வீடியோவை அமெரிக்கர்கள் போட்டுப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்களாம். சண்டை நன்றாகத்தான் இருந்ததாம். பார்க்க வந்த சனம்தான் சோதனை எழுத வந்த பிள்ளைகள் மாதிரிக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததாம். 'எங்கள் ஆட்களுக்கு எங்கள் மாதிரி முகங்கள் வேண்டும், அதுவும் கத்துகிற முகங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் மண்டபம் எடுத்துச் செய்யக் கம்பெனிக்குக் கட்டாது. வெள்ளை முகம் மலிவாக எங்கே கிடைக்கும் என்று தேடியிருக்கிறார்கள். ஒரு பியரும் ஒரு சொசேஜும் கொடுத்தால் டெனிஷ்காரன் விடிய விடியக் கத்துவான் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான். அமெரிக்காவைப் பிடிக்கப் புறப்பட்டவன் ஓல்போர்க்கில் வந்து நின்றான். மண்டபம் முழுக்க அமெரிக்கக் கொடி கட்டினான்.

ஹிரானோ என்பவன்தான் வில்லன். மலை மாதிரி உடம்பு, பூனை மாதிரிக் குரல். குடித்து முடித்த எல்லாருடைய கிளாசையும் அவனே கழுவி வைப்பான். அவனுக்கு வாய் இல்லை. அமெரிக்காவில் அப்படிப்பட்டவனுக்கு ஒரு மனேஜர் வேண்டுமாம். மல்யுத்த வளையத்துக்குள் அவனோடு நின்று, பார்க்க வந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவது அந்த மனேஜரின் வேலை. ஹிரானோவிடம் அடிபட்டு விழ ஒரு தடித்த ஆள் தேடி மொரிகவா முகாமுக்கு வந்தபோது, அங்கே இருந்ததெல்லாம் முருங்கைக்காய். வாசலில் நின்ற பாலேந்திரா, "பஞ்சம் பிடித்த ஊரில் கொழுத்த ஆடு தேடுகிறீரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொரிகவா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த முகம்தான்," என்றான். "உலகம் முழுக்க நாறுகிற மாதிரிப் பார்க்கிற முகம். ஒரு தலைப்பாகை கட்டிவிட்டால் போதும்."

பக்கத்தில் நின்ற பொடியள் சிரித்துவிட்டார்கள். பாலேந்திராவுக்கு அது புகழ்ச்சியாகவே பட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இவ்வளவு காலமும் இலவசமாகக் கொடுத்த இளக்காரத்துக்கு இப்போது அமெரிக்கா கிடைக்கப்போகிறது. வீடியோ சரிவந்தால் விசாவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து. அன்றைக்கே கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார்.

"அமெரிக்காவிலை ஒரு ஜப்பான் கம்பெனி. பேச்சாளர் வேலை."

"என்ன பேசோணும்?" என்றாள் ஞானேஸ்வரி.

"பொதுவா," என்றார் அவர்.

சண்டைநாள் மாலை முகாமிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். சூசைதாசன் கழுத்தில் ரை கட்டியிருந்தான். நம்மடை ஆள் ஒருவர் மேடை ஏறுகிறார், பார்க்கப் போகாமல் இருக்கலாமா என்று அவன்தான் மற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்தான். அவர்களைப் பார்த்ததும் மொரிகவா பதறிவிட்டான். இந்தக் கறுத்த முகங்கள் படத்தில் விழுந்தால் பிறகு அது என்ன அமெரிக்கா? மூன்று தரம் குனிந்து வணங்கி, பெரிய கமராவுக்கு நேர் பின்னால், படத்தில் விழாத இடத்தில் ஒரு வாங்கைப் போட்டு இருத்தினான். இதுதான் மண்டபத்திலேயே நல்ல இடம் என்று அவர்களுக்குச் சந்தோசம்.

பாலேந்திரா வளையத்துக்குள் ஏறினார். பக்கத்தில் ஹிரானோ கைகட்டி நின்றான். கமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் தொடங்கினார். அப்பழுக்கில்லாத ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டது. உங்கள் நாகரிகத்தைவிடத் தொழுவத்து மாட்டுக்கு நாகரிகம் அதிகம் என்றார். நீங்கள் குடிப்பதற்கென்றே பிறந்து, குடித்ததை மறப்பதற்காகத் தூங்குகிறீர்கள் என்றார். டெனிஷ்காரர் கைதட்டினார்கள். மொரிகவா தலையை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது. அதுதான் பிழை. தன்னைவிட நன்றாகப் பேசுகிறவனைக் கண்டால் அமெரிக்கனுக்குக் கோபம் வராது, வக்கீல் என்று நினைப்பான். இங்கிலீஷை உடைத்து, தப்பும் தவறுமாகப் பேசுங்கள்."

உடைப்பதா? சந்தியில் நின்று வேட்டியை அவிழ் என்று சொன்ன மாதிரி இருந்தது பாலேந்திராவுக்கு. முயன்றார். வாயைத் திறந்தால் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. இரண்டு தரம், மூன்று தரம். சனம் பியருக்கு எழும்பத் தொடங்கியது. மொரிகவா கடிகாரத்தைப் பார்த்தான். வாசலில் சொசேஜ் விற்கிற துருக்கிக்காரனுக்கு இங்கிலீஷே தெரியாது, அவன் போதும் என்று டெனிஷ்கார உதவியாளனிடம் ஆங்கிலத்தில் சொன்னது பாலேந்திராவின் காதில் விழுந்தது. லொட்ஜ் அறையும், ஞானேஸ்வரியும், மகளும் கண்ணுக்குள் வந்து போனார்கள்.

"பொறுங்கள், பொறுங்கள்," என்றார்.

"அப்படியென்றால் உங்கள் பாஷையில் பேசுங்கள்," என்றான் மொரிகவா. "உங்களுக்குப் பிடிக்காதவர்களை எப்படி ஏசுவீர்களோ, அப்படி. இங்கே ஒருவருக்கும் விளங்காது."

விளக்கு எரிந்தது. டெனிஷ்காரரை ஏசத்தான் பாலேந்திரா வாயைத் திறந்தார், அது சத்தியம். ஆனால் டெனிஷ்காரனை ஏசத் தமிழில் அவரிடம் என்ன இருந்தது? இருந்தது வேறு. பல காலமாகப் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது, வழி கண்டவுடன் தானாகக் கொட்டியது.

"என்னடா பாக்கிறியள்? கடற்கரையிலை வலை இழுத்த கூட்டம்! பிளேன் ஏறினவுடனை கழுத்திலை ரை, காலிலை சப்பாத்து! உங்களோடை ஒரே குசினியிலை நிண்டு தேத்தண்ணி குடிக்கிற விதி எனக்கேன் வந்தது? ஊரிலை எண்டால் என்ரை வளவுக்கை கால் வைச்சிருப்பியளே? உங்கடை கோப்பையிலை திண்டால் எனக்குப் பிறகு சோறு இறங்குமே? நாத்தம் பிடிச்ச சனம்!"

மண்டபம் அதிர்ந்தது. டெனிஷ்காரர் எழும்பி நின்று ஊளையிட்டார்கள், காலால் தரையை உதைத்தார்கள், ஒருவன் பியர்க் கிளாசை வளையத்துக்குள் எறிந்தான். இதுதான், இதுதான் அமெரிக்கா என்று மொரிகவா துள்ளினான். பாலேந்திராவுக்கு முதலில் வெற்றிதான் தெரிந்தது. மூச்சு வாங்கி, வியர்வையைத் துடைத்து, கமராவுக்குப் பின்னால் பார்த்தபோதுதான் தான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. ஐந்து பேரும் அசையாமல் இருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம், வாழ்க்கையில் முதல் தரம்.

பாலேந்திராவுக்குத் தலைப்பாகை கட்டிவிட்ட பெண், அவர்களுக்குச் சொசேஜ் கொண்டுவந்தவள், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று சூசைதாசனைக் கேட்டாள். சூசைதாசன் தனக்குத் தெரிந்த கொஞ்ச டெனிஷைப் பொறுக்கிக் கோத்தான்.

"எங்களைச் சுகம் விசாரிக்கிறார்."

மொரிகவா வளையத்தருகே வந்து கும்பிட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு. "அருமை. முகத்தைக் கிட்டத்தில் எடுக்க இன்னொரு தரம் வேண்டும். அதே சொற்கள், அதே கோபம். பிறகு அமெரிக்கா."

பெரிய கமராவை இன்னும் முன்னுக்குத் தள்ளினார்கள். வாங்கையும் அதன் பின்னாலேயே தள்ளினார்கள். இப்போது அவர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். பாலேந்திரா குனிந்து, சிவப்புச் சீலையின் குஞ்சத்தை ஒதுக்குகிற மாதிரி நடித்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்.

"சூசை... இது நடிப்பு. வேலைக்காகச் சொல்லுறது."

"ஓம் அண்ணை," என்றான் சூசைதாசன். குழம்புக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற அதே குரல். "சொல்லுங்கோ. இந்தமுறை எங்களைப் பாத்துச் சொல்லுங்கோ."

டெனிஷ்காரர் இப்போதே ஊளையிடத் தொடங்கிவிட்டார்கள். விளக்குச் சிவந்தது. அதற்குக் கீழே ஐந்து பேர், கையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, அவருடைய வாயைப் பார்த்தபடி இருந்தார்கள்.