அம்மாவின் முறை

சாப்பாட்டு மேஜை அறைவாசலில் மாட்டிக்கொண்டது. மகள் அதைப் பக்கவாட்டில் சாய்த்து, முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, இடுப்பால் தள்ளினாள்.

"இடது பக்கம் தூக்கு. இதைக்கூடவா சொல்லித் தரணும்?" என்றாள் கட்டிலில் கிடந்த அம்மா. மூச்சு பாதியும் வார்த்தை பாதியுமாக வந்தாலும் அதிகாரம் குறையவில்லை.

அண்ணன் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை கொடுக்கவில்லை.

"இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அஞ்சு மணிக்குச் சித்தி, சித்தப்பா எல்லாரும் வர்றாங்க. இப்பப் போய் சீட்டுக் கச்சேரியா?"

"அம்மாதான் கேட்டா."

"கேட்டா? நாளைக்கு நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சிட்டுப் போகட்டும். சனிக்கிழமை மூணு மணி ஆட்டம், பதினெட்டு வருஷமா நடக்குது. இன்னைக்கு எதுக்கு நிக்கணும்?"

"அந்தச் சீட்டுக்காரங்க மூணு பேரும் இந்த வீட்டுக்குள்ள காலை வச்சா நான் வெளிய போயிடுவேன், பாப்பா. அப்புறம் எதுக்கும் என்னைக் கூப்பிடாதே!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நாற்பது வயதில் இன்னும் அவனுக்கு அவள் பாப்பா.

அம்மா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருடம் இருந்தவள். ஏறிய நிமிடமே யாரிடம் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். "இல்லாதவன்தான்டி ஜன்னல் வழியா இயற்கையை ரசிப்பான்" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனபோதுதான் போக்கர் வந்து சேர்ந்தது. கைக்கு இரண்டு சீட்டு. அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குள் வருவதா, கவிழ்த்துப் போட்டுவிடுவதா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும். ஆள் யாரென்று தெரிய அந்த ஒரு முடிவு போதும் என்பது அம்மாவின் கட்சி. சனிக்கிழமைக் கூட்டாளிகள் மூவரில், பல் டாக்டருக்கு ஒரு ஏஸ் வந்தால் போதும், கூட எந்தக் குப்பை இருந்தாலும் வந்துவிடுவார். வக்கீலம்மா ஒரு ஆட்டம் தோற்றால் அடுத்த மூன்றுக்கு எதை வைத்துக்கொண்டும் வருவார், ரோஷம். பேக்கரிக்காரர் ஜோடி விழுந்தால் ஒழிய அசைய மாட்டார். விழுந்துவிட்டாலோ இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே ஒளித்துக்கொள்வார்.

அண்ணன் ஒருநாளும் ஆடியதில்லை. அவனையும் அம்மா விட்டுவைக்கவில்லை. "உங்கண்ணன் சத்தம் போட்டா கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நிஜமாவே ஏதாவது இருந்தா வாயே திறக்க மாட்டான்."

"சரி, போ" என்றாள் மகள்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. கார் சாவியை எடுத்தான், உள்ளங்கையில் இரண்டு தடவை உருட்டினான், வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவேயில்லை.

மூன்று மணிக்கு மூவரும் அவனைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். பேக்கரிக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே, "லேட்டா?" என்றார்.

"நான்தான் லேட்டாகப் பார்த்தேன். அதாவது, லேட் அம்மா" என்றாள் அம்மா. சிரிப்பதா வேண்டாமா என்று அவர்கள் முழித்தார்கள். அவளே சிரித்து, இருமி, சீட்டைப் போடச் சொன்னாள்.

மகள் தலையணையை உயர்த்தி வைத்துப் பின்னால் நின்றாள். பந்தயம் கட்டும் பிளாஸ்டிக் வில்லைகளை அம்மாவுக்கு முன்னால் அடுக்கிக் கொடுத்தாள். முதல் மூன்று ஆட்டத்திலும் அம்மா தோற்றாள். நான்காவதில் பல் டாக்டரின் ஏஸை முகத்தைப் பார்த்தே சொல்லி, அவரைக் கவிழ்க்க வைத்தாள். "இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எப்படித்தான் வலிக்காதுன்னு பல்லைப் பிடுங்குறீங்களோ!" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஐந்தாவது ஆட்டத்துக்குச் சீட்டு விழுந்தது. பல் டாக்டர் உள்ளே வந்தார். வக்கீலம்மா கவிழ்த்தார். அடுத்து அம்மாவின் முறை.

தன் முறை வரும்வரை அம்மா தன் சீட்டைத் தொடமாட்டாள். மற்றவர்கள் அவரவர் சீட்டைப் பார்க்கும்போது அவள் அவர்களைப் பார்ப்பாள். முறை வந்த பிறகும் நிதானமாகத்தான் எடுப்பாள். யாராவது செருமினால், "என்ன, கடைசி பஸ் போயிடுமா?" என்று கேட்பாள். அதனால் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கண் பேக்கரிக்காரர் மீது இருந்தது. அவருடைய கைகள் மேஜைக்குக் கீழே இருந்தன. எல்லாம் வழக்கம்போல இருந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஐந்து நிமிடமாவது போயிருக்கும்.

பல் டாக்டர்தான் முதலில் எழுந்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தில் விரல் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

மகளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, அம்மா யோசிக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். இத்தனை பேரைப் படிக்கத் தெரிந்தவள் பெற்ற பெண்ணுக்கு, அவளைப் படிக்கத் தெரியவில்லை. தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை அதற்குப் பிறகு வந்தது, சத்தமாகவே வந்தது.

பேக்கரிக்காரர் கைகளை மேலே எடுத்தார். தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே மேஜை நடுவில் தள்ளினார்.

"முறை தப்பு. இன்னும் அவங்க முறைதான்" என்றார் வக்கீலம்மா. கன்னம் முழுக்க ஈரம்.

"கேஸ் போடுங்க" என்றார் அவர்.

பல் டாக்டரும் தன் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினார். எல்லோரும் விட்டுக்கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவருக்கே ஆட்டம். நடுவில் கிடந்த வில்லைகளை வக்கீலம்மா இரண்டு கையாலும் அள்ளி அம்மாவின் பக்கம் வைத்தார். அம்மாவின் இரண்டு சீட்டையும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டு அண்ணன் வந்திருந்தான். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"எல்லாரும் வந்துடுவாங்க. மேஜையைத் தூக்கிடலாம். இவங்க பின்பக்கமா..."

"மேஜை மேல கைய வைக்காதே. இவங்க எங்கயும் போக மாட்டாங்க. உட்காருங்க, மூணு பேரும் உட்காருங்க!"

இந்தத் தடவை தெருமுனை வரைக்கும் கேட்டது அவளுடைய குரல். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணிக்கு, மற்றவர்களுக்கு முன்னால் சித்தி உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு அழுதார். நிமிர்ந்தபோதுதான் மேஜையையும் சீட்டையும் அந்நியர் மூவரையும் பார்த்தார்.

"என்ன இதெல்லாம்? தூக்கத்துலதானே போனா? கடைசியா யாருடா பக்கத்துல இருந்தீங்க?"

மகள் சண்டைக்குத் தயாராக முன்னால் வந்தாள். அதற்குள் அண்ணன் பேசினான். பக்கத்து நாற்காலிக்கே சரியாகக் கேட்காத குரல்.

"இவங்க மூணு பேரும், பாப்பாவும். நான் வாசல் படியில உட்கார்ந்திருந்தேன்."

வக்கீலம்மா தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் விட்டார். சித்தி உட்கார்ந்தார். மேஜை முழுக்க வில்லைகள் இருந்ததால் கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.