வாழைக்காய் தின்றவரின் கட்டி

டாக்டர் கசீர்யே வெளிநாட்டில் ஆறு வருடம் படித்துவிட்டுக் கம்பாலாவுக்குத் திரும்பியவர். படிப்போடு ஒரு மூக்கையும் கொண்டு வந்திருந்தார். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்துக்குள் நுழையும்போது அது தானாக மேலே தூக்கிக்கொள்ளும்.

மூன்று வாரமாக வயிற்றுப்போக்கோடு கிடந்த லுக்வாகோ என்ற பேருந்து ஓட்டுநருக்குச் செரட்டோனின் சோதனை எழுதியிருந்தார். செரட்டோனின் என்றால் மூளைக்குச் சந்தோஷம் தருவது என்று பத்திரிகைகள் பிதற்றுகின்றன. உண்மையில் அதில் பெரும்பகுதி குடலில் சுரந்து, அங்கேயே அக்கம்பக்கத்துத் தசைகளை முடுக்கிவிட்டு, உடைந்து சிறுநீரில் போய்விடும். குடலில் ஒருவகைக் கட்டி இருந்தால் அளவுக்கு மீறிச் சுரக்கும். அந்த உடைசலைத்தான் நான் அளந்தேன். இருக்கவேண்டியதைப்போல் மூன்று மடங்கு.

"கட்டிதான். வியாழக்கிழமை வயித்தத் திறக்கலாம்" என்றார் டாக்டர், கூட வந்த மாணவர்கள் குறிப்பெடுக்க.

"சோதனைக்கு முன்ன மூணு நாள் வாழைக்காய் சாப்பிடாம இருந்தாரான்னு கேட்டீங்களா டாக்டர்? அதுலயும் செரட்டோனின் இருக்கு."

"நகிர்யா, நீ மூத்திரத்த அளக்குறவ. நோயாளி தட்டுல என்ன இருக்குன்னு நீ எனக்குச் சொல்லித் தர வேணாம்."

மாணவர்கள் சிரித்தார்கள். நான் நேராக வார்டுக்குப் போனேன். லுக்வாகோ கட்டிலில் உட்கார்ந்து, மட்டோக்கே என்னும் மசித்த வாழைக்காயில் நிலக்கடலைக் குழம்பை ஊற்றி, குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார். எத்தனை வேளை என்று அவர் மனைவி நம்பூசியிடம் கேட்டேன்.

"மூணு வேளையும்தான் அம்மா. மட்டோக்கே இல்லாம வேற எதச் சாப்பாடுன்னு சொல்றது?"

"வயித்தக் கிழிக்காம இருக்கணும்னா நாலு நாள் மக்காச்சோளக் களி குடு."

லுக்வாகோ நிமிர்ந்தார். "அது ஜெயில்ல போடுறது. நான் யாரக் கொன்னேன்?"

"வாய மூடிட்டுத் தின்னுய்யா" என்றாள் நம்பூசி. "கத்தி உன் வயித்துலதான எறங்கப் போவுது?"

வார்டு மூத்த நர்ஸிடம் சொல்லி அறுவைசிகிச்சையைத் திங்களுக்குத் தள்ள வைத்தேன். மருந்து கொடுக்கும் அறைச் சாவி அவளிடம் இருந்ததால் கசீர்யேகூட அவளிடம் வாலாட்டமாட்டார். நாலு நாளும் லுக்வாகோ களியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். என்னைப் பார்த்து அதைவிட மோசமாகச் சுளித்தார். ஐந்தாம் நாள் மறுபடி அளந்தேன். அளவு சரியாக இருந்தது. மலத்தை யாரும் நுண்ணோக்கியில் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பார்த்தேன். அமீபா, கூட்டம் கூட்டமாக. நாலணாப் படிப்பு படித்தவனும் முதல் நாளே செய்திருக்கவேண்டிய சோதனை.

இரண்டு அளவுத் தாள்களையும் மலச் சோதனைத் தாளையும் மாணவர்கள் முன்னாலேயே டாக்டரிடம் நீட்டினேன். மூக்கு இறங்காமலே முதல் தாளைத் தட்டினார்.

"மொதல் சோதனை உங்க கூடத்துத் தப்பு."

"ரெண்டும் ஒரே கருவி, ஒரே கை டாக்டர். மாறுனது தட்டுதான்."

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "உணவு காரணமா இருக்கலாம்னு ஆரம்பத்துலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது."

பின்வரிசையில் ஒரு பெண் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. லுக்வாகோவுக்கு அமீபா மாத்திரை எழுதும்வரை நின்று பார்த்துவிட்டு என் கூடத்துக்கு வந்தேன். அந்த ஆளோடு வாதாட அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வீணாக்க எனக்கு மனமில்லை.